பெரிய இன்ஜினுக்கு இடம்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஏதாவது மனசில் இருந்தால் ஓரிடத்தில் உட்கார மாட்டார். பல் தேய்த்துக்கொண்டே கூடத்துக்கு வருவார், வாய் நிறைய நுரையோடு ஏதோ சொல்வார், திரும்பிப் போய்த் துப்பிவிட்டு வந்து அதற்கு நேர்மாறாகச் சொல்வார். இந்த முறை விஷயம் எங்கள் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின். இருப்பதை வைத்துக்கொண்டே அதற்குப் பலம் கூட்டுவதா, இல்லை அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொரு பெரிய இன்ஜினை மாட்டுவதா என்பதுதான் கேள்வி.

"பழசையே வச்சுக்கலாம். டர்போ மாட்டி, பிஸ்டனை மாத்தினா போதும்" என்பார் காலையில். சாயங்காலம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இல்ல, மாத்திடலாம். செத்த பாம்பை எத்தனை தடவை அடிக்கிறது?" என்பார்.

"என்னைக் கட்டிக்கிறதுக்குக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கல" என்றேன் ஒருநாள்.

"அப்ப ஒரே ஒரு இன்ஜின்தானே கண்ணுல பட்டுச்சு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த கையோடு எழுந்து ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நான் மருந்துக்கடையில் மருந்தாளர். வாரம் முழுக்க அவர் அடுத்தவர்களை மேலே ஏற்றி இறக்குவார், நான் டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பேன். லீவு கிடைத்தால் இருவரும் கார் ரேலிக்குப் போய்விடுவோம். எங்களுக்கு இதைத் தவிர வேறு பைத்தியம் கிடையாது.

ரேலி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலை ரோட்டையோ காட்டு ரோட்டையோ அடைத்துவிட்டு ஒவ்வொரு காராக விடுவார்கள். யார் சீக்கிரம் முடிக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. காரில் இரண்டு பேர். ஒருவர் ஓட்ட, பக்கத்து சீட்டில் இருப்பவர் அடுத்த வளைவு எப்படி என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டே வரவேண்டும். எங்களில் ஓட்டுவது அவர், பக்கத்து சீட் எனக்கு. பந்தயத்துக்கு முந்தி ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் பார்த்து, அவர் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு நம்பர் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். ஒன்று என்றால் ஊசி வளைவு. ஆறு என்றால் வளைவே இல்லாத மாதிரி. பந்தயத்தில் நான் "வலது அஞ்சு" என்று படித்தால், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமலே அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் உள்ளே போவார். என் வாயை நம்பித்தான் அந்த வேகம்.

வீட்டில் அவர் எனக்கு 'நீங்க'. காரில் ஏறி பெல்ட் போட்டால் 'நீ'. "பிடி, விடு, வளைவை வெட்டாதே" என்று சொல்லுகிற அவசரத்தில் மரியாதைக்கு நேரமில்லை. ஒருமுறை என் மாமியார் எங்கள் பந்தய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "கட்டினவனை இப்படியா அதட்டுவா?" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். "அதட்டலைன்னா உங்க பையன் பள்ளத்துல கிடப்பாரு அத்தை" என்றேன். அன்றிலிருந்து அந்த வீடியோ பக்கமே அத்தை வருவதில்லை.

போன வருஷம் ஒரு வலது வளைவில் அடிபட்டோம். நான் அஞ்சு என்றேன். அது அஞ்சுதான். ஆனால் ராத்திரி பெய்த மழை மேட்டிலிருந்து சேற்றை அடித்துக்கொண்டு வந்து ரோட்டில் போட்டிருந்தது. கார் இடது பக்கமாக வழுக்கி, என் கதவு மரத்தில் மோதியது. எனக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. யார்மேலும் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். எலும்பு கூடியதும் மறுபடி அதே சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஆனால் அதற்கப்புறம் நாங்கள் எந்தப் பந்தயத்திலும் தேறவில்லை. முன்பு எங்கள் புழுதியைத் தின்றவர்களெல்லாம் எங்களை முந்தினார்கள். "இன்ஜின்ல தம் இல்ல" என்றார் அவர். அப்படித்தான் இந்தப் பேச்சே ஆரம்பித்தது.

கார் வேலையெல்லாம் பார்ப்பது என் அண்ணன். ஒர்க்‌ஷாப் என் கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஒருநாள் கடையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே எட்டிப் பார்த்தேன்.

காரை நான்கு எடை மெஷின்கள் மேல் நிறுத்தியிருந்தார்கள், சக்கரத்துக்கு ஒன்றாக. பெரிய இன்ஜின் வந்தால் எந்தச் சக்கரத்தின்மேல் எவ்வளவு பாரம் விழும் என்று பார்க்கிறார்கள். ஓட்டுபவரின் எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கி, சீட் பெல்ட்டும் போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜ ஆளைவிட அந்த மூட்டை ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. என் எடைக்கு எத்தனை மூட்டை வைத்திருக்கிறார்கள், என்னைக் குண்டு என்று நினைத்துவிட்டார்களா பார்ப்போம் என்று இந்தப் பக்கம் வந்து குனிந்தேன். மூட்டையும் இல்லை, சீட்டும் இல்லை. சீட் இருந்த இடத்தில் அட்டைப்பெட்டிகளை அளவாக வெட்டி வைத்து, ஒன்றின்மேல் 'பேட்டரி' என்றும் இன்னொன்றின்மேல் 'ஆயில்' என்றும் எழுதியிருந்தது. என் சீட் பழைய டயர்களின் மேல் மல்லாந்து கிடந்தது.

"அண்ணே, என் சீட் எங்க?"

காருக்கு அடியிலிருந்து வெளியே வந்த அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை சுத்தமான பிறகும் துடைத்தான். "மாப்ள உங்கிட்ட சொல்லலையா?"

"நீயே சொல்லு."

"இது நாலு சிலிண்டர் காரும்மா. அதுக்குள்ள ஆறு சிலிண்டரைத் திணிக்கணும். முன்னாடி ரேடியேட்டருக்கே இடம் பத்தாது. பேட்டரி, ஆயில் டேங்க் ரெண்டும் உள்ள வந்தாகணும். மூக்கும் கனமாயிடும், அதுக்கு ஈடா பாரத்தை இங்க வைக்கணும். அப்புறம் ரேலியில இதைச் சேர்க்க மாட்டாங்க. மலை ரோட்டுல தனியா ஓட்டுற பந்தயம் இருக்குல்ல, அதுக்குத்தான் ஆகும்."

"தனியான்னா?"

"ஒரே ஆளு."

 இத்தனை நாளாகப் பல் தேய்த்துக்கொண்டு பேசியதெல்லாம் இன்ஜினைப் பற்றி இல்லை, என்னைப் பற்றித்தான் என்று அப்போது புரிந்தது. பழசு இருந்தால் நான் இருப்பேன், புதுசு வந்தால் நான் இறங்க வேண்டும். அதை என்னிடம் சொல்லாமல் அட்டையை வெட்டி அளந்து பார்த்திருக்கிறார்கள், என் புருஷனும் என் கூடப் பிறந்தவனும்.

அந்த நேரம் பார்த்து அவர் டீயோடு உள்ளே வந்தார். என்னையும் டயர்மேல் கிடந்த சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சும்மா அளந்து பார்த்தோம். இன்னும் முடிவு பண்ணல" என்றார்.

"அளந்து பாக்கறதுக்கு என்னைக் கழட்டிப் போடணுமா?"

 டீயை பானெட்டின் மேல் வைத்தார், எடுத்தார், அலமாரியில் வைத்தார்.

"சரி. பழைய இன்ஜின்ல தம் இல்லைன்னு யார் சொன்னது?" என்றேன் அண்ணனிடம்.

அண்ணன் மென்று முழுங்கினான். "அதான் எனக்கும் புரியல. பலம் அளக்கிற உருளை மெஷின் மேல ஏத்தி ஓட்டிப் பார்த்துட்டேன். முன்னாடி என்ன பலம் இருந்துச்சோ அப்படியே இருக்கு."

"உருளை மேல ஓடுறது வேற, ரோட்டுல ஓடுறது வேற மச்சான்" என்றார் அவர் அவசரமாக.

"அப்ப ரோட்டுல ஓடினதையே பார்க்கலாம்" என்றேன். எங்கள் காரில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. எந்த இடத்தில் எவ்வளவு ஆக்சிலேட்டர், எங்கே பிரேக் என்று எல்லாவற்றையும் கோடாகப் பதிந்துகொள்ளும். அண்ணன் லேப்டாப்பைத் திறந்தான். அடிபடுவதற்கு முன் ஓடிய பந்தயத்தின் கோட்டையும் அதே ரோட்டில் இந்த வருஷம் ஓடியதன் கோட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தான்.

டாக்டர் கையெழுத்தைப் படிக்கிறவளுக்கு இது என்ன பெரிய கஷ்டம்? பழைய கோடு மேலேயே போனது. புதுக் கோடு வலது வளைவு வந்தால் விழுந்தது. இடது வளைவுகளில் அசையவில்லை. வலது வளைவு ஒவ்வொன்றிலும் காலை எடுத்திருக்கிறார். வலது வளைவில் வழுக்கினால் அடிபடப்போவது இடது பக்கம், என் பக்கம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு அந்தப் பழமொழிதான் வந்தது, கோபமும் கூடவே வந்தது.

"இன்ஜின் என்ன பாவம் பண்ணிச்சு? பயந்தது நீ!"

ஒர்க்‌ஷாப் தரையில் நின்றுகொண்டு 'நீ' என்று சொல்லிவிட்டேன். அண்ணன் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"எனக்கு அடிபடும்னு வலது பக்கம் மட்டும் காலை எடுக்கிறே. எனக்காகப் பயப்படச் சொல்லி நான் கேட்டேனா? உடைஞ்சது என் எலும்பு. நானே பயப்படாம ஏறி உட்கார்றேன், உனக்கென்ன? பயம்னா பயம்னு சொல்லித் தொலையணும். அதை விட்டுட்டு இன்ஜின் மேல பழியைப் போட்டு, என் சீட்டைக் கழட்டி, அங்க பேட்டரியை வைக்கிறதா?"

"ஆமா. எனக்குத்தான் பயம். அப்படியே வச்சுக்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இவர் அப்படி ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. சாம்பாரில் உப்பு குறைச்சல் என்றால்கூட, நாக்கைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடுகிற மனுஷன். திருட்டுப் பழியைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறவன் வேறு யாரையோ காப்பாற்றுகிறான் என்று அர்த்தம்.

"என்ன மறைக்கிறீங்க?" என்றேன். கோபம் இறங்கி 'நீங்க' திரும்பி வந்திருந்தது.

"ஒண்ணுமில்ல."

லேப்டாப்பில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இந்த வருஷப் பந்தய வீடியோவும் இருந்தது. அதைத் தொடப்போனேன். அவர் சட்டென்று மூடியைச் சாத்தப் பார்த்தார். என் விரல்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. "வேண்டாம்மா" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. அவர் கையை விலக்கிவிட்டு ஓடவிட்டேன்.

கண்ணாடிக்கு வெளியே ரோடு ஓடிவந்தது. இன்ஜின் இரைச்சலுக்கு மேல் என் குரல். "இடது நாலு. நேரா. வலது நாலு." வளைவு வந்தது. அது அகலமாக, சாவகாசமாகத் திறந்து கிடந்தது. குழந்தைகூடக் காலை எடுக்காமல் போகும். கார் மூச்சுப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனது.

"இது நாலு இல்லையே" என்றேன்.

 வீடியோவில் நான் பேசிக்கொண்டே போனேன். "இடது அஞ்சு." சரியாக அஞ்சு. "வலது மூணு." அது நாலு. "இடது ரெண்டு." சரி. "வலது நாலு." அது அஞ்சு, சந்தேகமே இல்லாத அஞ்சு.

"நீங்க எனக்கு என்ன சொன்னீங்க?"

"அஞ்சு."

"நான் என்ன எழுதினேன்?"

"அஞ்சுதான் எழுதியிருந்தே."

என்ன படித்தேன் என்று நான் கேட்கவில்லை. அதுதான் காதில் விழுந்துகொண்டே இருந்ததே.

மருந்துக்கடையில் இத்தனை வருஷத்தில் ஒரு மாத்திரையைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ கொடுத்ததில்லை. இங்கே வலது பக்கம் வந்த ஒவ்வொரு வளைவையும் ஒன்று குறைத்துப் படித்திருக்கிறேன். தெரிந்து செய்யவில்லை. கண் அஞ்சைப் பார்த்திருக்கிறது, வாய் நாலு என்றிருக்கிறது, நடுவில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. காதுமடல் சுட்டது. சற்று முன்பு தொண்டை கிழியக் கத்தினேனே, அதை நினைத்தால் இன்னும் சுட்டது.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"அடிபட்டதுக்கு அப்புறம் முதல் பந்தயம் முடிஞ்சுதுல்ல, அன்னிக்கே வீடியோ பார்த்தேன்."

"தெரிஞ்சும் ஏன் காலை எடுத்தீங்க? அஞ்சுன்னு நினைச்சுப் போயிருக்கலாமே."

"எப்பவும் நீ குறைப்பேன்னு நான் ஒண்ணு கூட்டிக்கிட்டே போய், அந்த வேகத்துல ஏதாவது ஒண்ணு நிஜமாவே நாலா இருந்துட்டா? எல்லாம் ஞாபகம் இருந்தா நீ எதுக்கு? நீ சொல்றதை ஒரு தடவை நம்பாம ஓட்டிட்டேன்னு வை, அப்புறம் எதையுமே நம்ப முடியாது."

அளந்து பார்க்க அண்ணன் இரவல் வாங்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த பெரிய இன்ஜினிடம் போய் அதைத் தட்டினார். திரும்பி வந்தார். நின்றார். மறுபடி போனார்.

"சொன்னா நீ அந்த சீட்ல ஏற மாட்டே. சொல்லலைன்னா இப்படியே பின்னாடி வந்துட்டிருப்போம். காலையில எழுந்தா, இவ இல்லாம எனக்கென்ன பந்தயம், பழசையே வச்சு ஒப்பேத்தலாம்னு தோணும். சாயங்காலம் ஆனா, பெரிய இன்ஜினைப் போட்டுட்டா சீட்டே இருக்காது, உனக்கும் விஷயம் தெரியாமலே போயிடும்னு தோணும். பழி இன்ஜினோட போகட்டுமேன்னு பார்த்தேன்."

எனக்கு அவரை அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. வாசலுக்குப் போய், "போன்ல பேசினது போதும், உள்ள வா. என் சீட்டை மாட்டு" என்று அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அப்ப பழைய இன்ஜின்தானா?" என்றான்.

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

ஞாயிறு வரும்வரை நான் அவரைவிட மோசமாக இருந்தேன். இப்போது வீட்டில் உட்காராதவர்கள் இரண்டு பேர். குறுக்கும் நெடுக்கும் நடந்து சமையலறை வாசலில் முட்டிக்கொண்டோம். கடையில் மாத்திரை எடுக்கும்போதெல்லாம் வாய்க்குள் "வலது அஞ்சு, வலது அஞ்சு" என்று சொல்லிப் பழகினேன். கண் மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர், "வலது கண்ணுக்கு அஞ்சு சொட்டா? டாக்டர் ரெண்டுதானே சொன்னாரு?" என்று மிரண்டுவிட்டார். அவரைச் சமாதானம் செய்து அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் கடையில் நின்று சொல்லும்போது அஞ்சு அஞ்சாகத்தான் வந்தது. அதனால் நம்பிக்கை இருந்தது. அந்த சீட் என் இடம். அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போகும் ரோட்டில்தான் நாங்கள் பழகுவோம். வேறு வண்டி வராது, வாசலில் கேட் உண்டு. காலை வெயிலில் ஹெல்மெட் போட்டு, பெல்ட்டை இறுக்கி, மைக்கைச் சரிசெய்தேன். "தயாரா?" என்றார். "போ" என்றேன்.

"இடது நாலு." சரி. "நேரா. இடது ஆறு." சரி. அடுத்தது வலது அஞ்சு. என் கையெழுத்தில், கொட்டை எழுத்தில், அஞ்சு. அதைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"வலது நாலு."

இந்தத் தடவை என் காதிலேயே விழுந்தது. அவர் காலை எடுத்தார். கார் அந்த அகலமான வளைவைத் தவழ்ந்து கடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்னொன்று வந்தது. அதுவும் நாலாகத்தான் வந்தது. மூன்றாவது வலது வளைவுக்கு முன்னால், பொய்யைச் சொல்லவிடாமல் வாயை அடக்கினேன். அடக்கியதில் உண்மையும் வரவில்லை. ரேலியில் தப்பான வார்த்தையைவிடப் பெரிய ஆபத்து வார்த்தையே வராமல் போவதுதான். அவர் பிரேக்கை முழுசாக மிதித்தார். கார் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. புழுதி எங்களைத் தாண்டிப் போய் வளைவில் அடங்கியது.

 சூடான இன்ஜின் மட்டும் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

"போட்டுடுங்க" என்றேன்.

"எதை?"

"பெரிய இன்ஜினை. அண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன்."

"அவசரம் இல்ல. பழகப் பழகச் சரியாயிடும்" என்றார். சொன்னது வாய்தான். முகம் வேறு சொன்னது. ரொம்ப நாளாகச் சுமந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி தோள் இறங்கியது, நெற்றி தெளிந்தது. நான் பார்த்துவிடுவேன் என்று கண்ணாடியைச் சரிசெய்கிற பாவனையில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மறுப்பார், சண்டை போடுவார் என்று உள்ளுக்குள் எங்கேயோ எதிர்பார்த்திருக்கிறேன். அந்த நிம்மதியைப் பார்த்தபோது எலும்பு உடைந்ததைவிட வலித்தது.

காரைத் திருப்பினார். நான் குறிப்பை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வேகம் பிடித்தது. எதிரே ஒரு வலது வளைவு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"வலது அஞ்சு" என்று அவர் தனக்குத்தானே முணுமுணுத்தார். இனிமேல் அப்படித்தான் ஓட்டவேண்டும், பழகிக்கொள்கிறார். காலை எடுக்கவில்லை. என் கதவை ஒட்டிப் பாறைகளும் மரங்களும் ஓடின. கார் சிணுங்காமல் வளைவைத் தாண்டியது. பழைய இன்ஜின் என்னமாய் இழுத்தது.

எனக்குத் துளிகூடப் பயம் இல்லை. வளைவுகளுக்கு நான் பயந்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என் வார்த்தையை நம்பி அவர் போவதற்குத்தான் இத்தனை நாளும் பயந்திருக்கிறேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதேன். மைக் வாய்க்கு நேராக இருந்ததால் அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். அடுத்த வளைவையும் அவரே சொல்லிக்கொண்டார்.